அலமாரியின் சாவி

கலிபோர்னியாவின் கெர்ன் ஜில்லாவில், 1939 ஆகஸ்டில், ஜான் ஸ்டைன்பெக் இயற்றிய ‘தி கிரேப்ஸ் ஆப் ராத்’ என்னும் நவீனத்தைப் பொது நூல்நிலையங்களில் வைக்கலாகாதென நிர்வாகிகள் ஐவரில் நால்வர் விதித்தனர். பஞ்சம் பிழைக்க வந்த கூலிகளின் துயரை உரைத்ததே அந்நூல் செய்த குற்றம் போலும்! நூல்நிலையத் தலைவி கிரெட்சன் நீப் அம்மையார் உத்தரவுக்குப் பணிந்தார். ஆயினும் தடை தகாதென்று நிர்வாகிக்கே கடிதம் வரைந்தார். சம்பளம் வாங்கும் கையால் அஃது எழுதுதல் எளிதோ? தடை அகல 1941 ஆயிற்று.

நிற்க. தோட்டத்து வாசகசாலைச் சாவி சிலகாலம் நம்மிடம் இருந்தது. பால்மரம் சீவும் தோழரொருவர் தொழிற்சங்க நூலொன்று கேட்டார். மேலதிகாரிக்கு அஞ்சி, இரவல் போயிற்றென்றோம். நூலோ நமது முதுகுக்குப் பின் அலமாரியிலேயே இருந்தது. அவர் அதனை நோக்கினார், நம்மையும் நோக்கினார். “வந்தால் சொல்லுங்கள், கிராணியாரே” என்று போனார். நாம் சொல்லவேயில்லை.