எட்டுச் சாணும் ஆறு சாணும்

அளவு என்பது கணக்கின் சொல் மட்டுமன்று. அழகின் சொல்லும் அதுவே. அளவான வீடு, அளவான பேச்சு, அளவான சிரிப்பு என்று நாம் பாராட்டும்போது அளவையும் அழகையும் ஒன்றாகவே கொள்கிறோம். குறள் வெண்பாவைப் பயில்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலடி நான்கு சீர். இரண்டாமடி மூன்று சீர். இரண்டாமடிக்கும் நான்காவது சீர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அது குறள் வெண்பா ஆகாது. அந்த ஒரு சீர்க் குறைவே அதன் வடிவம். யாப்பிலக்கண வகுப்பில் கற்ற இவ்வுண்மையின் பயனை நான் கண்டது, பழஞ்சேலைகளால் போர்வை தைக்கும் பணியில்தான்.

முசிறிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது தொட்டியம். அங்குள்ள எங்கள் வீட்டில் அம்மா மறைந்தபின் எஞ்சியவை ஒன்பது பருத்திச் சேலைகள். அவற்றுள் சில, அண்மையிலுள்ள மணமேட்டுத் தறிகளில் நெய்தவை. "எல்லாவற்றையும் ஒரே போர்வையாகத் தைப்போம், அது இந்த வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் அக்கா. "வெட்டவே வேண்டாம் அக்கா, ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்" என்றான் தம்பி. இருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. ஆயினும் இரண்டு நாள் பேச்சு முட்டிக்கொண்டே நின்றது. அம்மா நாள்தோறும் அடுக்களையில் உடுத்திய பச்சைச் சேலையே சிக்கலின் முடிச்சு. அது நைந்துபோய், முந்தானையை ஒட்டி மூன்று சாண் சதுரங்கள் மட்டுமே தையலைத் தாங்கும் நிலையில் இருந்தன.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் நெடுங்காலம் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டிப் போர்வை செய்தவர். அவரிடம் சென்று, எந்த அளவு அழகாக இருக்கும் என்று கேட்டேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "யாரு போத்திக்கப் போறாங்க? பாயிலயா, கட்டில்லயா?" நூல்கள் பல பக்கங்களில் சொல்வது அவ்விரு வினாக்களுள் அடங்கியிருந்தது.

விகிதத்தைப் பற்றி அறிஞர்கள் ஆராயாமல் இல்லை. ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் பலவகை நீள்சதுரங்களை மக்கள் முன் வைத்து, எது கண்ணுக்கு இனியது என வினவினார். அகலத்தைப் போல் ஏறத்தாழ 1.618 மடங்கு நீளமுடையதே மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என 1876-இல் எழுதினார். அதுவே 'பொன் விகிதம்' எனப்படுவது. பின்னர் ஆராய்ந்தோர் யாவரும் அதே முடிவை எட்டவில்லை. ஆகவே அது வழிகாட்டியே அன்றிச் சட்டமன்று.

நம் துணிகளுக்குள்ளேயே ஒரு விகிதம் உறைந்து கிடக்கிறது. முழம் 18 அங்குலம். சாண் 9 அங்குலம். ஆறு கெசச் சேலை பன்னிரண்டு முழம், அதாவது 216 அங்குலம். அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். சேலையை மூன்றாக மடித்தால் 72-க்கு 48 என நிற்கும். மூன்றுக்கு இரண்டு என்னும் இனிய விகிதம் இது. எவரும் கணக்கிடாமலே மூன்றடுக்குப் போர்வையொன்று அமைந்துவிடுகிறது!

இனிப் படுக்கையைப் பார்ப்போம். அக்கா விரும்பிய பெரிய போர்வை, 60-க்கு 78 அங்குல இரட்டைக் கட்டிலுக்கு உரியது. சேலையை 54 அங்குல நீளத்தில் நான்காக வெட்டி இரண்டிரண்டாய் இணைத்தால் 96-க்கு 108 கிடைக்கும். பக்கங்களிலும் கால்மாட்டிலும் 18 அங்குலம் தொங்கி, தலையணைக்கு 12 அங்குலம் மிஞ்சும். தரையில் விரித்தால் அது ஏறத்தாழச் சதுரமாகிக் களையிழந்து தோன்றும். கட்டிலில் விரித்தாலோ மேற்பரப்பு மட்டும் எடுப்பாகத் தெரியும். ஆதலால் பெரிய போர்வைக்கு அழகு பார்க்க வேண்டிய இடம் முழுத்துணி அன்று. கட்டிலின் மேல் தெரியும் பகுதியே.

நாங்கள் மூவரும் பாயில் உறங்கிப் பழகியவர்கள். கோரைப்பாய் 36-க்கு 72 அங்குலம். இருபுறமும் ஒவ்வொரு சாண் கூடுதலாக வேண்டுமெனின் போர்வையின் அகலம் 54. எட்டுச் சாண் நீளம், ஆறு சாண் அகலம், நான்குக்கு மூன்று! குறளின் சீர்க் கணக்கு அங்கே வந்து நின்றது.

சாணுக்கொரு கட்டமாக எட்டும் ஆறும் வகுத்தால் நடுவில் கட்டம் இராது. நான்கு மூலைகள் கூடும் ஒரு புள்ளியே இருக்கும். இரட்டைப்படைக்கு நடு இல்லை. எனவே சுற்றிலும் அரைச் சாண் கரை விட்டு, உள்ளே ஏழுக்கு ஐந்தாக முப்பத்தைந்து கட்டங்கள் வகுத்தோம். தையலுக்காக ஒவ்வொரு துண்டையும் 9½ அங்குலமாக வெட்டினோம். இப்போது நடுவே ஒரு கட்டம் தனித்து நின்றது. மூன்று போர்வைகள்; மூன்று நடுக்கட்டங்கள்; மூன்று பச்சைச் சதுரங்கள். அக்கா அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு கத்தரிக்கோலைத் தம்பியிடம் நீட்டி, "நீயே வெட்டுடா" என்றார்.

பழந்துணியை இவ்வாறு போற்றுவோர் நாம் மட்டும் அல்லர். வங்காளத்தில் இதனைக் 'காந்தா' என்பர். கவிஞர் ஜசிமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் காவியம், தன் வாழ்வையே போர்வையில் தைத்த ஒரு பெண்ணின் கதை. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவர். மூலைகளில் 'பூ' எனப்படும் துணி மடிப்புகளை வைக்காத போர்வை அவர்களுக்கு நிறைவுறாத போர்வை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எதை நடுவில் வைப்பது என்பவை எங்கும் சிந்தித்தே தீர்மானிக்கப்படுகின்றன.

போர்வை தைக்க விழையும் மாணவ மாணவியர்க்கு ஒன்று கூறுவேன். துணியை வெட்டுமுன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நினைத்த அளவில் பாயின்மீதோ கட்டில்மீதோ விரித்துப் பாருங்கள். உறங்கப்போகிறவரை அதன்கீழ்ப் படுக்கச் சொல்லுங்கள். கால் வெளியே தெரிந்தால் எந்தப் பொன் விகிதமும் உதவாது. உடலுக்குப் பொருந்திய அளவு கிடைத்தபின், அதைச் சிறிது கூட்டியும் குறைத்தும் கண்ணுக்கு இனியதாக்குங்கள். போர்த்துபவரை முதலில் நினைத்து எடுத்த அளவு, பெரும்பாலும் அழகிய அளவாகவே அமைந்துவிடும்.