முட்டம், மாலை 6.03

அக்டோபர். மதியம் பெய்த மழை விட்டிருக்கிறது. மேற்கே மேகம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள். பாறைகளுக்கு நடுவே சின்ன மணல்திட்டு. மணி ஐந்து.

வேன் ஒன்று வந்து நிற்கிறது. குழந்தைகள் முதலில் குதிக்கிறார்கள். 1986-ல் வந்த ‘கடலோரக் கவிதைகள்’ படம் எடுத்த ஊர் இதுதான் என்கிறார் டிரைவர். பெரியவர்கள் பாறையைப் பார்க்கிறார்கள். சின்னவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள்.

மணல்திட்டில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முதுகில் பை, தோளில் ட்ரைபாட். கூடவே அக்கா மகன், கல்லூரி மாணவன். கேமரா இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. அவர் வெறுங்கையோடு நடக்கிறார். ஓரிடத்தில் நிற்கிறார். குனிகிறார். முட்டி போட்டுப் பார்க்கிறார். எழுந்து வேறு பாறைக்குப் போகிறார். திரும்பவும் முதல் பாறைக்கே வருகிறார்.

அந்தப் பாறையடியில் ஒரு தண்ணீர் பாட்டில், நசுங்கிய டீ கப்பு, நைலான் கயிற்றுத் துண்டு. மூன்றையும் பொறுக்கிப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொள்கிறார். பிறகுதான் ட்ரைபாடை விரிக்கிறார்.

கால்களை ஒவ்வொன்றாக மணலில் அழுத்துகிறார். ஓர் அலை வந்து போகும்வரை காத்திருக்கிறார். ஒரு கால் இறங்கிவிட்டது. மறுபடி அழுத்துகிறார். இன்னோர் அலை. இப்போது அசையவில்லை.

கேமரா முட்டி உயரத்தில் நிற்கிறது. திரையில் பாறையின் தலை தொடுவானத்தை முட்டுகிறது. ட்ரைபாடை ஒரு சாண் உயர்த்துகிறார். பாறைக்கும் தொடுவானத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை கடல் தெரிகிறது. பின்னால் இருக்கும் சிறுபாறை பெரிய பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தத்தையும் தூக்கி ஓரடி இடப்பக்கம் வைக்கிறார். இரண்டும் பிரிகின்றன. மறுபடி கால்களை அழுத்தும் வேலை.

லென்ஸின் முன்னால் ஒரு சதுரக் கண்ணாடி. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி தெளிவு, இடையில் மெதுவாகக் கரையும் சாம்பல். விரல் நுனியால் அதைக் கீழே தள்ளுகிறார். திரையில் வானத்தின் வெளிச்சம் தணிகிறது. பாறையின் கறுப்பில் சிப்பிகள் தெரியத் தொடங்குகின்றன. வானம், பாறை இரண்டையும் கண் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது. கேமராவால் முடிவதில்லை.

மணி 5.50. கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுண்டல்காரர் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறார். ஓர் இளைஞன் கையை நீட்டி நிற்கிறான். சூரியன் அவன் உள்ளங்கையில் உட்கார வேண்டும். “இன்னும் கொஞ்சம் மேல” என்கிறான் நண்பன். கை உயர்கிறது. “கீழ, கீழ.” கை தாழ்கிறது. சூரியனும் தாழ்கிறது.

6.01. சூரியனின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொடுகிறது. வட்டம் சற்றே நசுங்கித் தெரிகிறது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால்தான் இந்தக் காட்சி. கணக்குப்படி சூரியன் ஏற்கெனவே தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியும் இந்த வட்டம் முழுகி முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். செல்போன்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அக்கா மகனுடையதும்.

6.03. முடிந்தது. யாரோ கை தட்டுகிறார்கள். வேனின் ஹாரன் கேட்கிறது. செருப்பில் ஏறிய மணலைத் தட்டிக்கொண்டு எல்லாரும் படியேறுகிறார்கள். அக்கா மகன் தன் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான்.

வள்ளத்தின் நிழலில் வலைக்கு மடி தைத்துக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

“பொழுது அடைஞ்சாச்சே மக்களே. இனி என்னத்த எடுக்கப் போற?”

“இனிதான் தாத்தா.”

முதியவர் ஊசியைக் கீழே வைக்கிறார். அவரும் மேற்கே பார்க்கிறார்.

6.10. கீழிருந்து வரும் வெளிச்சம் மேகங்களின் வயிற்றைத் தொடுகிறது. முதலில் மஞ்சள். பிறகு செம்மஞ்சள். உயரத்தில் இருக்கும் மேகத்துக்கு நிறம் கடைசியாக வருகிறது. ஈர மணலும் அதே நிறத்தை வாங்குகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தி இங்கே நீள்வதில்லை. சூரியன் 6 பாகை இறங்க இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். படத்துக்கான நேரம் அவ்வளவுதான்.

“கறுப்பு ஃபில்டர் போடுங்க சித்தி. கடல் புகை மாதிரி வரும்.”

போடுகிறார். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. ஷட்டர் நிமிடக் கணக்கில் திறந்திருக்கிறது. திரையில் கடல் வழவழவென்று வருகிறது. அலை ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரும் பார்க்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போடுகிறார்.

ஐஎஸ்ஓ 100. எஃப் 11. அரை விநாடி. அலை வருகிறது. பாறையில் மோதுகிறது. மணலில் விரிகிறது. அவர் விரல் ரிமோட்டில் அசையாமல் இருக்கிறது. தண்ணீர் திரும்ப ஆரம்பிக்கும்போதுதான் அழுத்துகிறார். வெள்ளைக் கோடுகள் பாறையைச் சுற்றிக் கடலை நோக்கி ஓடுகின்றன.

துணியால் சதுரக் கண்ணாடியைத் துடைக்கிறார். உப்புத் துளி ஒன்று இருந்தாலும் வானத்தில் புள்ளியாக விழும். அலை. காத்திருப்பு. ரிமோட். துணி. அலை. காத்திருப்பு. முழங்கால்வரை நனைந்துவிட்டது. ஒருமுறை அலை ஏமாற்றுகிறது, பாறையை எட்டாமலேயே திரும்புகிறது. அழுத்தவில்லை. துணி. அலை.

கோயில் மணி அடிக்கிறது. முதியவர் எழுந்து சிலுவை போட்டுக்கொள்கிறார். கலங்கரை விளக்கு எரிகிறது. மேகம் சாம்பலாகிறது.

படியேறியதும் ஒரு குழாய். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ட்ரைபாடின் மூன்று கால்களையும் நீட்டி, மூட்டு மூட்டாகக் கழுவுகிறார். உப்புத் தண்ணீர் உள்ளே தங்கினால் திருகுகள் துருப்பிடிக்கும்.

இரவு. நாகர்கோவில். வீட்டு மாடி அறை. லேப்டாப் திரையில் இன்றைய படங்கள் வரிசையாக. ‘ரா’ ஃபைல் முதல் பார்வைக்கு மங்கலாக இருக்கிறது. அக்கா மகன் தன் போனைப் பக்கத்தில் பிடிக்கிறான். போன் படம்தான் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதில் பாறை வெறும் கறுப்பு. ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256.

தொடுவானம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. நேராக்குகிறார். வெள்ளைச் சமநிலை ‘ஆட்டோ’வில் இருக்கிறது. செம்மஞ்சளைக் குறையென்று நினைத்து நீலம் கலந்து வைத்திருக்கிறது கேமரா. ‘டேலைட்’டுக்கு மாற்றுகிறார். மாலை திரும்ப வருகிறது. மேகத்தின் ஒளியைக் கொஞ்சம் குறைக்கிறார். பாறையின் நிழலைக் கொஞ்சம் தூக்குகிறார், சிப்பிகள் தெரியும்வரை மட்டும். நிறச் செறிவை 40 வரை தள்ளுகிறார். வானம் தீப்பற்றியதுபோல் ஆகிறது.

அவர் எழுந்துபோய் ஜன்னலருகே நிற்கிறார். தண்ணீர் குடிக்கிறார். வந்து உட்கார்ந்து மறுபடி பார்க்கிறார். 40 இருபதாகிறது. இருபது 8 ஆகிறது. அங்கே நிற்கிறது.

“மேல மூலையில மேகமே இல்ல சித்தி. வேற வானம் வச்சிரலாமா? ரெண்டு கிளிக்தான்.”

ஃபோட்டோஷாப்பில் 2020-லேயே வந்த வசதி. அவர் படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்குகிறார். ஈர மணல் திரையை நிறைக்கிறது. அதில் மூன்று மேகத் துண்டுகள், தலைகீழாக. நான்காவது இடம் காலி.

அக்கா மகன் மேலே பார்க்கிறான். கீழே பார்க்கிறான். மறுபடி கேட்கவில்லை.

வானத்தில் ஒரு தூசிப் புள்ளி. அதை மட்டும் அழிக்கிறார். காலி மூலை அப்படியே இருக்கிறது.

சேமிக்கிறார். அகலம் 6000 புள்ளி, உயரம் 4000. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் அகலம் 20 அங்குலம் வரும். அச்சகத்துக்கு அனுப்பும் குறிப்பில் இரண்டு வரி எழுதுகிறார்: பளபளப்பில்லாத தாளில் போடவும். நிறம் ஏற்ற வேண்டாம். பிரதிகள் என்ற கட்டத்தில் 2 என்று போடுகிறார். ஒன்று வலை தைக்கும் தாத்தாவுக்கு.