சிவப்பு விண்மீனை முறைக்காதே

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் வானியல் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசிய இளைஞர், விண்மீனின் ஒளி அளவை, அதாவது மேக்னிடியூடை, கண்ணால் பார்த்து எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு வரி சொன்னார்: “அதெல்லாம் அந்தக் காலத்து ஆர்வக்கோளாறு. இப்ப சென்சார் இருக்கு.” மாணவர்கள் கைதட்டினார்கள். விழாக் குழுவினர் எனக்குப் போர்த்திய சால்வை அப்போது என் மடியில்தான் இருந்தது.

சென்சார் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த சென்சார் துப்புகிற எண் எந்த அளவுகோலில் வருகிறது என்று அந்தத் தம்பியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மேக்னிடியூட் என்பது 2.512 மடங்கு ஒளி என்று 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் அரசு வானியலராக முப்பது ஆண்டுகள் இருந்து, 1891-இல் இங்கேயே இறந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். வானில் மிகவும் தெற்கே இருக்கிற விண்மீன் அது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் உச்சத்துக்கு வரும்போதுகூடத் தெற்கு அடிவானத்திலிருந்து 14, 15 பாகைதான் எழும்பும். ஐரோப்பியர்கள் தங்கள் ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கவே முடியாது. சென்னைவாசிகள் எத்தனை பேருக்கு ரகுநாதாச்சாரியைத் தெரியும்?

இன்னொருவர் வங்காளத்து ஜெசூர் கருவூலத்தில் சிப்பந்தியாக இருந்த ராதாகோவிந்த சந்திரா. பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். 37,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அவர் உழைப்பைப் பார்த்து அந்தச் சங்கம் 1926-இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பி வைத்தது. பிற்பாடு அது வானியலர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. அந்த மலையின் அடிவாரத்தில் பிறந்த எனக்கு அந்தக் குழாயின்மேல் ஒரு சொந்தம் உண்டு. தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கருவூலச் சிப்பந்தி செய்ததைத் தபால் குமாஸ்தாவும் செய்யலாம் என்ற தைரியம் அவரால் வந்தது.

வேலை என்னவோ எளிமையானதுதான். வரைபடத்தில் மாறொளி விண்மீனுக்கு இரு பக்கமும் ஒப்பீட்டு விண்மீன்கள் இருக்கும்; ஒன்று அதைவிடக் கூடுதல் ஒளி, மற்றது குறைவு. இடைவெளியைப் பங்கிட்டு எண் சொல்ல வேண்டும்; எண் கூடினால் ஒளி குறைவு. 84-க்கும் 90-க்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு என்றால் 86, அதாவது 8.6. (வரைபடத்தில் தசமப் புள்ளி போடமாட்டார்கள், போட்டால் அதுவும் ஒரு விண்மீனோ என்று கண் மயங்கும்.) தேதியை ஜூலியன் நாளில் எழுதுவது நமக்கு ரொம்ப வசதி. அந்த நாள் பிறப்பது கிரீன்விச்சின் நண்பகலில். நமக்கு அது மாலை ஐந்தரை மணி. ராத்திரி முழுவதும் ஒரே எண். நள்ளிரவில் தேதி மாற்றி எழுதும் தொல்லை கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, நீட்டவில்லை.

தெரியாத சங்கதி சிவப்பு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்கிற வகையைச் சேர்ந்தவர். காலமான பிறகும் அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. ராணுவக் கழிவில் வாங்கிய 7x50 பைனாகுலர் ஒன்று வைத்திருந்தார். அதன் ஒரு கண்ணில் பூஞ்சை படிந்திருந்தது. என்னை முதலில் மகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆர் லியோனிஸில்தான் பிடித்துப் போட்டார். மகத்திலிருந்து மேற்கே கொஞ்சம் நகர்ந்தால் 18 லியோனிஸ், 19 லியோனிஸ், ஆர் லியோனிஸ் மூன்றும் சின்ன முக்கோணமாக நிற்கும். முதல் இரண்டும் எப்போதும் உண்டு. மூன்றாவது சுமார் 310 நாளுக்கு ஒரு முறை வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு ஏறும், பிறகு பைனாகுலருக்கும் எட்டாமல் கீழே போய்விடும். நல்ல சிவப்பு. அதன் அருகே மற்ற இரண்டும் வெளிறிப்போன மாதிரி இருக்கும்.

நான் பார்த்தேன், எண் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு வேறு எண் சொன்னார். அரை மேக்னிடியூட் வித்தியாசம். இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். இந்தத் தடவை நான் சொன்ன எண் இன்னும் பிரகாசமாக இருந்தது.

“டேய், எவ்வளவு நேரம்டா பார்த்தே?”

“நல்லா பார்த்தேன் சார்.”

“அதான் வினை. முறைக்காதடா. கடன் கொடுத்தவனைக் கடைத்தெருவில பார்க்கிற மாதிரி பாரு. கண்ணு பட்டதும் திருப்பிக்கணும்.”

சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே போகும்; வானத்தில் இல்லை, நம் கண்ணில். பக்கத்து வெள்ளை விண்மீன் அப்படி ஏறாது. அதனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண் தாவிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கும் குடியேறக் கூடாது. அதற்குப் பயந்து மங்கலானதைப் பார்க்கிற வழக்கப்படி ஓரக்கண்ணால் பார்த்தால் வேறு கோளாறு. இருட்டில் வேலை செய்கிற ஓரச் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம்தான் தூக்கலாகத் தெரியும். நேராகப் பார்த்தால் சிவப்பு ஏறும், ஓரமாகப் பார்த்தால் இறங்கும். நிலா இருந்தால் வானம் நீலம் பாரித்து, சிவப்பு மறுபடி தூக்கும். எதைச் செய்தாலும் ஏதோ ஒரு பக்கம் சாயும். வாத்தியாரின் விதி இது: எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, ஒவ்வொரு ராத்திரியும் ஒரே பக்கம் சாய்.

அந்த ஒரு விதிக்காக எத்தனை வழக்கங்கள்! பைனாகுலரின் குவியத்தைத் துளி கலைத்துவிட வேண்டும். விண்மீன் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாக விரியும், நிறம் நீர்த்துப்போகும், ஒளியை ஒப்பிட வசதி. இரண்டு விண்மீன்களையும் சேர்க்கிற கோடு இரண்டு கண்களையும் சேர்க்கிற கோட்டுக்கு இணையாக இருக்கும்படி தலையைச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கிற விண்மீன் பிரகாசமாகத் தோன்றும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், முந்தின தடவை எழுதிய எண்ணைப் பார்க்கவே கூடாது. வாத்தியார் என் நோட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். தனித்தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், மாதக் கடைசியில் அவரே நோட்டில் ஏற்றுவார். எனக்கு அவமானமாக இருந்தது. ஏன் பூட்டினார் என்பது பிற்பாடு மற்றவர்களின் நோட்டுகளைப் பார்த்தபோது விளங்கியது. எவ்வளவு அழகான வளைகோடுகள்! வானத்தில் அப்படி வழவழப்பாக எதுவும் ஏறி இறங்குவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த வாரம் மாடிக்குப் போனேன். ரைகல் விண்மீன் அப்படி ஒரு நீலமாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடைகிறது, நீல ஒளியைத் தின்றுவிடுகிறது. அதனால் கிழவர்களின் கணிப்பில் சிவப்பு விண்மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் ஒளி பெற்றுக்கொண்டே வரும். புது லென்ஸ் வைத்ததும் அத்தனையும் ஒரே நாளில் தடாலென்று கீழே இறங்கியது. என் பழைய எண்களையும் புது எண்களையும் ஒரே கோட்டில் வைக்க, ஒரு பருவம் முழுக்க ஒரு கண்ணில் புது லென்ஸும் மறு கண்ணில் பழைய புரையுமாக, இரண்டாலும் தனித்தனியே பார்த்து எழுதினேன். இரண்டாவது கண்ணை எப்போது அறுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாசி போகட்டும் என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

இப்போது சென்சாருக்கு வருவோம். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது நினைவிருக்கும். வெடிக்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. சாதாரணமாக 0.5 அருகில் இருக்கிற விண்மீன், 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கி, தன் பக்கத்து பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக நின்றது. ஓரியனின் ஒரு தோள் அணைந்தது மாதிரி தெரிந்தது. அந்த மாதம் என் வீட்டுக்கு ஒரு பையன் வந்திருந்தான், பொறியியல் படிக்கிறவன். மாடியில் நிற்க வைத்து, அந்த இரண்டில் எது பிரகாசம் என்று கேட்டேன். போனை வானத்துக்கு நேரே தூக்கினான்.

“திருவாதிரைதான் சார். 0.5 போட்டிருக்கு.”

“போனை இறக்கிட்டுப் பாருப்பா.”

பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். “ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது... ஆனா இதுல இப்படி இருக்கே சார்” என்றான். வானத்தின் பேரில் சந்தேகம் வந்ததே தவிர, போனின் பேரில் வரவில்லை. அந்த ஆப்பில் இருந்தது ஏதோ ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்ட எண். ராத்திரி வானத்தை அது பார்ப்பதே இல்லை. திருவாதிரை தானே கக்கிய பொருள் தூசியாக உறைந்து மறைத்ததுதான் அந்த மங்கலுக்குக் காரணம் என்று பிறகு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அன்றைக்கு என் மாடியில் அதைத் தன் கண்ணால் பார்த்தும் நம்பாதவன் பொறியியல் மாணவன்.

நல்ல கேமராவை வைத்து, சரியான ஃபில்டர் போட்டு, முறையாக அளக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நூறில் ஒரு பங்கு மேக்னிடியூட் வரை சொல்வார்கள். நான் பத்தில் ஒரு பங்குக்கே திணறுவேன். அவர்களுக்கு என் வணக்கம். என் சண்டை அவர்களோடு இல்லை. பொத்தானை அழுத்தினால் தானே தேடிப் பிடித்துத் தானே படம் எடுத்துத் தருகிற தொலைநோக்கியை வாங்கி, ஓரியன் நெபுலாவை எல்லோரும் எடுத்த அதே படமாக எடுத்துவிட்டு, “வானியலர்” என்று அட்டை அடித்துக்கொள்கிறார்களே, அவர்களோடுதான். மகம் எங்கே என்று கேட்டால் கையை நீட்டத் தெரியாது. அதைவிட மோசம், நம் ஆட்களே சிலர். பார்ப்பதற்கு முன்பே மற்றவர்கள் நேற்று என்ன எண் போட்டார்கள் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, அதையொட்டி ஓர் எண்ணைப் போடுகிறார்கள். அது கணிப்பு இல்லை, காப்பி.

கண் வேலை முடிந்துபோயிற்று என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வானம் முழுவதையும் இரவுதோறும் துழாவுகிற தானியங்கித் தொலைநோக்கிகள் மங்கலானவற்றுக்காகக் கட்டப்பட்டவை. பிரகாசமான விண்மீன் வந்தால் அவற்றின் சென்சார் நிரம்பி வழிந்துவிடும், எண் வராது. திருவாதிரையும் மிரா விண்மீனும் உச்சத்தில் இருக்கும்போது அவை பெரும்பாலும் உதவாது. இரண்டாவது, மிராவின் ஒளி மாறுவதை 1596-இல் ஃபாப்ரீசியஸ் கண்டதும் கண்ணால்தான். அன்றிலிருந்து கோர்த்து வந்த சங்கிலி கண்ணின் நிறப்பார்வையில் கோர்த்தது. சென்சாரின் நிறப்பார்வை வேறு. சிவப்பு விண்மீன்களில் இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டும் பல பருவங்கள் சேர்ந்து ஓடினால்தான் ஒன்றை இன்னொன்றாக மாற்றக் கணக்குக் கிடைக்கும். என் இரண்டு கண்களுக்கு நான் செய்த அதே வேலைதான்.

விளக்குகளைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்தபோது எங்கள் மாடியிலிருந்து பால்வீதி தெரிந்தது. வெள்ளை எல்ஈடி வந்த பிறகு தெற்கு வானம் சாம்பல். நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுகிறது, அவ்வளவுதான் அறிவியல். ரகுநாதாச்சாரியின் விண்மீன் அந்தச் சாம்பலுக்குள்தான் இருக்கிறது. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்புங்கள் என்று மனு கொடுத்தேன். “ராத்திரியில மாடியில உங்களுக்கென்ன வேலை?” என்று கேட்டார் மனுவை வாங்கியவர். மூடி இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. மாசி மாத முன்னிரவில் திருவாதிரை தலைக்கு மேல் நிற்கும். தெருவிளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். மேற்கே ரோகிணி 0.9, கிழக்கே புரோசியான் 0.4. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, திருவாதிரை எங்கே பொருந்துகிறது என்று ஓர் எண் சொல்லுங்கள். தேதி, மணி, எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை எழுதினால் போதும், அது நத்தை வேகத்தில்தான் மாறும். சித்திரை வரை எழுதுங்கள். முறைக்காதீர்கள், முந்தின எண்ணைப் பார்க்காதீர்கள். போனை எண் எழுதிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.