நிறுத்தமும் ஓதலே

திருமறை ஓதக் கற்பிக்கையில் ‘வக்ஃபு’ எனும் நிறுத்தத்தை நாம் பெரிதும் வலியுறுத்துகிறோம். உரிய இடத்தில் நின்று மூச்செடுப்பவரே பொருள் சிதையாமல் தொடர்ந்து ஓதுவார். நில்லாது ஓடுபவர் மூச்சுத் திணறி, நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிடுவார். உள்ளத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

நம் இல்லங்களில் கைப்பேசிக்கு நிறுத்தக் குறியே இல்லை. நள்ளிரவு வரை செய்திக்குப் பின் செய்தி, படத்திற்குப் பின் படம். உறக்கம் குறைகிறது, எரிச்சல் மிகுகிறது. அடுத்த அறையிலிருந்து உம்மா அழைக்கும் குரலும் பிள்ளையின் செவியில் விழுவதில்லை.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள மோஹித்யாஞ்சே வட்காவ் எனும் சிற்றூர் 2022இல் ஒரு வழி கண்டது. கொரோனா முடக்கத்தில் பாடத்திற்காகப் பிள்ளைகளின் கைக்கு வந்த கருவி, பிறகு பிரிய மறுத்தது. ஆகவே மாலை 7 மணிக்குச் சைரன் ஒலித்ததும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து, 8.30 வரை படிப்பதும் உரையாடுவதும் என ஊரார் முடிவு செய்தனர். அதே ஆண்டு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் 154 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு வாரம் சமூக ஊடகங்களை விட்டிருந்தோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

நமக்குச் சைரன் எதற்கு? மஃரிபின் பாங்கொலி உண்டே! அது முதல் இஷா வரை கருவிகளை மாடத்தில் வைப்போம். முதலில் வைப்பது வாப்பாவின் கைப்பேசியாக இருக்கட்டும். நம் இல்லத்தில் முதல் வாரம் முணுமுணுப்பே மிஞ்சியது. இன்றோ அவ்வேளையில் பிள்ளைகள் தாமே வந்து பேசுகின்றனர்.

வக்ஃபு ஓதலை முடிப்பதற்கன்று; தொடர்வதற்கே.