நீலக் கோடு போட்ட காட்டுப்பாதை

பென்ஷன்தாரர் சங்கத்தில் ஒரு நண்பர் கேட்டார்: “இந்த வயசுல காட்டுல நடந்தேன்னு சொல்றீங்களே சார், அதெல்லாம் நம்மால ஆகுற காரியமா?” ஆகும். எப்படி என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் நடந்தது பிரான்சில், பாரிசுக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் உள்ள ஃபோந்தேன்புளோ காட்டில். என் மகள் மெலனில் குடியிருக்கிறாள். அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். ஊருக்குள் ராஜாக்களின் அரண்மனை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் பார்த்தோம். எங்கு திரும்பினாலும் தங்கப் பூச்சு, எங்கு திரும்பினாலும் படிக்கட்டு. அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

எனக்குக் காடுதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மில் பலருக்கு வேப்பமரத்தின் பிரெஞ்சுப் பெயர் தெரியாது. ஆனால் ஷேன், எத்ர், பூலோ என்று பார்த்தே இராத மரங்களின் பெயர்கள் மனப்பாடம். டிக்தே எழுதும்போது ‘எத்ர்’ வந்தால் வயிற்றைக் கலக்கும். ‘ஆஷ்’ எழுத்தை முன்னால் போட்டால் மரம், போடாவிட்டால் ‘இருத்தல்’ என்ற வினைச்சொல். காதுக்கு இரண்டும் ஒன்று. அந்த எத்ர் மரத்தை எழுபது வயதுக்கு மேல்தான் முதன்முதலில் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறம், யானைக் காதின் உட்புறம் போல வழவழப்பு. ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய உடம்பா என்று நின்றுவிட்டேன்.

அந்தக் காட்டில் நம் செஞ்சி மாதிரி பாறைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இவை மணற்பாறை. கீழே வெள்ளை வெளேரென்ற மணல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடமாம். மணல் ஆழமான இடத்தில் கால் புதையும். மூட்டுவலிக்காரர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

பாதைகளின் கதையைச் சொல்லவேண்டும். குளோது பிரான்சுவா தெனெகூர் என்று ஒருவர், பிறந்தது 1788. நெப்போலியன் படையில் இருந்து காயம்பட்டவர். பிறகு ராணுவக் குடியிருப்பு ஒன்றில் காவலர் வேலை. 1832இல் அரசியல் கருத்துக்காக அந்த வேலையும் போயிற்று. சின்ன உத்தியோகத்தில் காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு, மேலிடத்தின் ஒரு தாளில் வேலை போவது என்றால் என்னவென்று புரியும். மனம் ஒடிந்தவர் காட்டில் அலைய ஆரம்பித்தார். அலைந்த இடமெல்லாம் நல்ல இடமாகப் படவே, 1842இல் தம் செலவில் முதல் பாதையைப் போட்டார். பாறைகளை நகர்த்தினார், படி கட்டினார், வழி தெரிய மரத்திலும் பாறையிலும் நீல அடையாளம் போட்டார். வனத்துறைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கேட்பது எந்த நாட்டு அலுவலகத்துக்கும் பொது. 1849இல் பாரிசிலிருந்து ரயில் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. நகரத்து ஜனங்கள் அவருடைய வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். 1855இல் விக்தோர் உய்கோ, போத்லேர் போன்றவர்கள் எழுதிக் கொடுக்க, அவரைப் பாராட்டி ஒரு தொகுப்பு நூலே வந்தது. 1875இல் அவர் இறக்கும்போது சுமார் 150 கிலோமீட்டர் பாதை போட்டிருந்தார். நீலக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

இதில் நம் வயதுக்காரர்கள் கவனிக்கவேண்டியது: நீலப் பாதை எல்லாமே சுலபமில்லை. தெனெகூருக்கு நேர்வழியில் நம்பிக்கை கிடையாது. ஒரு குகையைக் காட்ட உங்களைப் பாறைச் சந்துக்குள் வளைத்து வளைத்துக் கொண்டுபோவார். போதாக்குறைக்குப் பாறை ஏறும் இளைஞர்களுக்கும் வண்ண அடையாளங்கள் உண்டு. சிறுவர்களுக்கு வெள்ளை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். அவர்களுடைய நீல அம்பை நம் பாதை என்று நம்பினால் பாறை உச்சியில்தான் கொண்டுபோய் விடும்.

நமக்கு ஏற்றவை பழைய காட்டுச் சாலைகள். ராஜாக்கள் குதிரையேறி வேட்டையாட நேராக வெட்டியவை. அகலம், பெரும்பாலும் சமதரை, இருபுறமும் நிழல், சந்திப்புகளில் பெயர்ப் பலகை. பிரான்சின் மற்ற காடுகளில் உள்ளூர்ச் சிறு பாதைக்கு மஞ்சள் கோடு, நெடும்பாதைக்கு வெள்ளை சிவப்புக் கோடு. பெருக்கல் குறி கண்டால் அது உங்கள் வழியில்லை, திரும்புங்கள். எழுத்தே தெரியாதவரும் படித்துவிடலாம். முழுக்கால் சட்டை போடுங்கள். புல்லில் ஒருவகை உண்ணி உண்டு, அது கடித்தால் காய்ச்சல் நோய் வரலாம். வீடு திரும்பியதும் கால்களைப் பார்த்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

என் மனைவிக்கு மூட்டுத் தேய்மானம். செஞ்சிக் கோட்டையானாலும் திருக்கழுக்குன்றமானாலும், “நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்” என்று அடிவாரத்தில் உட்கார்ந்தே நாற்பது வருஷம் கழித்தவள். அன்றும் ரயில் நிலையத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். மகள் விடவில்லை. காரில் ஒரு காட்டுச் சாலையின் வாயிலில் இறக்கிவிட்டாள். “ஏத்தம் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் கைத்தடியோடு கிளம்பிவிட்டாள். வழியில் ஒரு மரத்தில் கோடு இருந்தால் அதைக் கடந்ததும் அடுத்த கோட்டைத் தேடினாள். எனக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள். “என்னங்க, யாரோ முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்து நமக்குச் சொல்ற மாதிரி இருக்கு” என்றாள். நான்கு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். நடுவில் வெட்டிப்போட்ட ஷேன் மரத்தின் மேல் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டோம். ஒருமுறைகூட அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான்தான் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன்.

ஊர் திரும்பியபின் இங்கே அப்படி ஒரு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நம் கடற்கரைச் சாலை விடியற்காலைக்கு நல்லது, எட்டு மணிக்கு மேல் நிழல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில். அதைச் சுற்றியுள்ள கோயில்காடு சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காத வகை. இந்தக் கரையோரம் முழுக்க ஒருகாலத்தில் இருந்த காட்டில் எஞ்சிய துண்டுகளில் அது ஒன்று. சாமி காடு, குச்சி ஒடிக்கக்கூடாது என்று ஜனங்கள் பயந்ததால் தப்பியது. தரை சமம். வழிக்கோடு எதுவும் கிடையாது, அதனால் கோயில் கண்ணில் படுகிற தூரத்திலேயே நடப்பது நல்லது. விசேஷ நாட்களில் கூட்டமும் பிளாஸ்டிக்கும் அதிகம், சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள்.

போன தை மாதம் இருவரும் போனோம். தண்டு முழுக்க மடிப்பு மடிப்பாக, முறுக்கிப் பிழிந்த துணி போல ஒரு மரம். அவள் தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். வழியில் வந்த பெரியவரிடம் இது என்ன மரம் என்று கேட்டேன். “வீரை” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று மனைவி கேட்டாள். எங்கள் பள்ளியில் அது சொல்லித் தரவில்லை.