சொட்டும் இடமும் கசியும் இடமும்

வாகனம் நோயுற்றால் வாய்விட்டுச் சொல்லாது. ஆயினும் அடையாளம் காட்டாமலும் இராது. வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலேறுவதும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் மட்டம் நாளுக்கு நாள் தாழ்வதும் அத்தகைய அடையாளங்களே. பலர் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்கின்றனர். குறைந்தது நிரம்பிவிடும், அது எங்கே போயிற்று என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. உள்ளிருக்கும் நீரை அது அழுத்தத்தில் வைத்திருக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், ஒரு பார் அளவு கூடுதல் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். கசிவு ஏற்பட்டால் நீரோடு இவ்வழுத்தமும் போய்விடுகிறது. பின் வெப்பம் மிகுந்து, எஞ்சினின் அலுமினியத் தலை வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் கெட்டுவிட்டால், சிறு பழுது பெருஞ்செலவாகிவிடும்.

நம் இல்லத்தில் மாருதி 800 ஒன்று உண்டு. 2014இல் அதன் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், கீழக்கரையிலிருந்து மதுரைக்கு உம்மாவை மாதந்தோறும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாம் நம்பியிருப்பது அதைத்தான். அதில் நீர் குறையத் தொடங்கியது. ஒரு பட்டறையில், கீழ் ஹோசின் அருகே ஈரத்தைக் கண்டு ஹோசை மாற்றித் தந்தார்கள். நீர் குறைவது நிற்கவில்லை. நடுவழியில் வண்டி நின்றால் வெயிலில் வாடப்போவது எழுபது வயதைக் கடந்தவரல்லவா? ஆகவே, அனுபவம் மிக்க மெக்கானிக் காக்கா ஒருவரை நாடினோம்.

“எஞ்சின் முழுதும் ஆறட்டும் தம்பி. சூட்டில் மூடியைத் திறந்தால் நீர் பீறிட்டுக் கையும் முகமும் வெந்துபோகும்” என்று அவர் அன்று மூடியைத் தொடவே விடவில்லை. இரவில் வண்டிக்கடியில் பழைய செய்தித்தாள்களை விரிக்கச் சொன்னார். காலையில் ஒரு மூலையில் பச்சை நிறக் கறை தெரிந்தது. பின்னர் ஆயிலின் அளவுகோலை உருவிப் பார்த்தார். ஆயில் பால்போல் வெளுத்திருக்கவில்லை. புகைக்குழாயில் ஓயாத வெண்புகையும் இல்லை. நீர் எஞ்சினுக்குள் இறங்கவில்லை என்று ஆறுதல் அடைந்தோம்.

அடுத்து, ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். சில நிமிடங்களில் மானியின் முள் மெல்ல இறங்கியது. டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு தேடியபோது உண்மை வெளிப்பட்டது. வாட்டர் பம்பின் அடிப்புறத்துச் சிறு துளையிலிருந்து கசிந்த நீர், எஞ்சினின் ஓரமாகவே ஊர்ந்து, கீழ் ஹோசின் அருகே வந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு!

“அத்துளையை அடைத்துவிட்டால் என்ன?” என்று உடனிருந்த நம் இளையவர் கேட்டார்.

காக்கா சிரித்தார். “அது பழுதால் விழுந்த ஓட்டையல்ல, செய்தவர்களே வைத்த துளை. உள்ளிருக்கும் சீல் தேய்ந்ததை அதுதான் நமக்குச் சொல்கிறது. அதை அடைத்தால் நீர் பேரிங்கினுள் புகுந்து பம்பையே அழித்துவிடும்.”

புதிய பம்பு வந்தது. பழைய கேஸ்கெட்டின் எச்சங்களைச் சுரண்டி, தளத்தைத் துடைத்துப் பொருத்தினார். கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ்களாக வெளியேறும்வரை நிரப்பினார். எஞ்சின் ஆறியபின் மீண்டும் அழுத்தச் சோதனை செய்தார்; முள் அசையவில்லை.

மஞ்சள்தூளைக் கொட்டிக் கசிவை அடைக்கும் பழக்கம் இன்றும் சிலரிடம் உண்டு. அத்தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடலாம். வடித்தெடுத்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைப்பதும் ஆபத்தே. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் பூனைகளும் அறியாமல் அருந்திவிடக் கூடும்.

கசிவு ஒரு குற்றமன்று, ஒரு செய்தி. அதன் வாயை அடைப்பவர் செலவை வளர்க்கிறார். அது வந்த வழியே பின்சென்று மூலத்தைக் காண்பவர் பயணத்தைக் காக்கிறார்.