கடைசி வாங்குக்குக் கேட்கத் தேவையில்லை

இலங்கைப் பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தெரிவு செய்யக்கூடிய ஒரு பாடம். நான் போயிருந்த யாழ்ப்பாணப் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் மூன்று நிமிடக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கைபேசி கொண்டுவர அனுமதியில்லை. நாடக ஆசிரியருடைய கைபேசிதான் எல்லாக் குழுவுக்கும் கமரா. முறை வரும்வரை காத்திருக்கிறவர்கள் வாங்கில் இருந்து சீ.ஆர். கொப்பியில் கட்டம் கட்டமாகப் படம் கீறுகிறார்கள். குச்சி மனிதர்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும்: யார் தெரிகிறார், கமரா எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறது. மூன்றாவதை அநேகமாக எல்லோருமே வெறுமையாக விட்டிருந்தார்கள்.

ஒரு குழுவின் கதை, தொலைந்துபோன ரியூசன் காசைப் பற்றியது. காசைத் தொலைத்தவனாக நடித்த பையன் தமிழ்மொழித் தினப் போட்டி மேடைகளில் பழகியவன். வேப்பமரத்தடியில் ‘அக்சன்’ சொன்னதும் மார்பை நிமிர்த்தி, கையை விரித்து, பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கிற குரலில் வசனத்தைத் தொடங்கினான்.

“தம்பி, கடைசி வாங்குக்குக் கேட்கத் தேவையில்லை. கமரா உன்ர மூஞ்சைக்கு முன்னாலதான் நிக்குது,” என்றார் ஆசிரியர்.

எடுத்ததைப் போட்டுக் காட்டினார். பையன் திரையைக் கிட்டக் குனிந்து பார்த்தான். “சேர், நான் ஏன் இப்பிடி முழுசுறன்?”

சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. மேடையில் தூரத்துக்காகப் பெருப்பித்துக்கொண்ட கண்ணும் கையும் அவன் உழைத்துப் பெற்றவை. கூத்தின் வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும். ஆடுபவர் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் முகம் கொடுக்க வேண்டும். கைபேசிக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் இமை அடிப்பதுகூடத் தப்பாது.

1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியையும், அதை முன்னின்று நடத்திய குழந்தை ம. சண்முகலிங்கத்தையும் பற்றி ஆசிரியர் இடையிடையே பேசினார். ‘மண் சுமந்த மேனியர்’ (1985) எழுதிய கை, சிறுவர் நாடகங்களையும் எழுதியது. அந்த வழியில் வந்த அரங்க விளையாட்டுக்களோடுதான் இவருடைய வகுப்பும் தொடங்குகிறது. அன்று விளையாடியது, ஒருவர் கதை சொல்ல எதிரில் இருப்பவர் வாய் திறவாமல் கேட்பது. நேரம் போக்குகிற வேலையென்று முதலில் நினைத்தேன்.

படத்தைவிட ஒலிதான் பிள்ளைகளைப் படுத்தியது. காகம், மைதானத்து விசில், றோட்டில் போகிற ஓட்டோ. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஆறு டெசிபெல் இறங்கிவிடும். காகம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே இரவல் வாங்கிய இன்னொரு கைபேசி, அழைப்பு வராதபடி விமான நிலையில் போடப்பட்டு, நடிகனின் சட்டைப் பைக்குள் போனது. ஒருத்தி கமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டினாள். பிறகு படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் ‘டப்’ கேட்கும் இடத்தையும் பொருத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கொப்பியின் வெறுமையான மூன்றாவது வரி அதற்குப் பிறகுதான் நிரம்பியது.

இன்னொரு குழு எடுத்த காட்சியில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்று சண்டை பிடிக்கிறார்கள். திரையில் பார்த்தால் இருவருமே வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரோ மூன்றாம் ஆளோடு கோபம் போல. ஆசிரியர் தடியால் மண்ணில் இருவரையும் இணைத்து ஒரு கோடு கீறினார். “கமரா இந்தக் கோட்டுக்கு இங்கால நிண்டால் இங்காலயே நிக்கோணும். அங்கால போனியளெண்டால் ஆக்கள் திசை மாறிப்போவினம்.” கமரா பிடித்தவள் கோட்டின் இரு பக்கமும் நின்று பார்த்துவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி திரும்ப எடுக்கப் போனாள்.

ரியூசன் காசுக் குழுவின் படத்தை ஆசிரியரின் மடிக்கணினியில் வெட்டித் தொகுத்தவள் அதிகம் பேசாத ஒரு பிள்ளை. காசைத் தொலைத்தவனின் நீண்ட வசனம் ஓடுகையில் அவள் திரையில் வைத்திருந்தது அவன் முகத்தையல்ல. எதிரில் நின்று கேட்கிற சிநேகிதனின் முகத்தை. காசை எடுத்தவன் அவன்தான். வசனம் முடிவதற்குள் சிநேகிதன் இரண்டு முறை எச்சில் விழுங்குகிறான். காலையில் விளையாடிய விளையாட்டு எதற்கென்று அப்போது விளங்கியது.

நாயகனுக்குச் சரியான கோபம். “அப்ப நான் இவ்வளவும் பாடமாக்கினது?”

“உன்ர குரல் கிடக்குதுதானே. மூஞ்சைதான் இல்லை.”

ஆசிரியர் தலையிடவில்லை. அவன் தன் முகத்துக்கு ஐந்து வினாடி கேட்டான். அவள் ஒன்றுதான் என்றாள். மணி அடிக்கும்வரை பேரம் பேசி, இரண்டுக்கு இறங்கினான்.